காவல்துறையின் கம்ப்யூட்டர்களை யார் நடத்துவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பெங்களூரில் அரசுத் திட்டங்களின் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்களும் உண்டு, அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. நான் பல வருடங்களாக இதே வேலையில் இருப்பதால் ஒரு கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. காவல்துறைக் கணினிப் பிரிவில் இருக்கும் ஒருவர் கேட்டார்: "ஒப்பந்தம் முடியப்போகுது சார். மறுபடி டெண்டர் போடறதா, அரசு நிறுவனத்துகிட்ட கொடுக்கறதா, இல்ல நாங்களே நடத்தறதா? நோட் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க." குடியிருப்போர் சங்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர் வேறு மாதிரி கேட்டார்: "எங்க தெருக் கேமராவை ஒரு கம்பெனிக்காரர் பார்த்துக்கிறார்னா, அவர் யாருக்குப் பதில் சொல்வார் தம்பி?"

இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சர்வர், கேபிள், ஹெல்ப்டெஸ்க், மென்பொருள் எழுதுவது ஆகியவற்றைத் தாராளமாக வெளியே கொடுக்கலாம். டேட்டாபேஸின் அட்மின் பாஸ்வேர்ட், யார் எதைப் பார்த்தார்கள் என்ற லாக், மென்பொருளின் மூல வரிகளான சோர்ஸ் கோடு ஆகிய மூன்றும் துறையின் சம்பளத்தில் இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும். அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொள்ள ஆள் இல்லாத துறை எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சிக்கலில்தான் மாட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

## முதலில், எந்தக் கம்ப்யூட்டர்?

எஃப்ஐஆர், கைது விவரம், குற்றப்பத்திரிகை எல்லாம் சிசிடிஎன்எஸ் என்ற நாடு தழுவிய வலையமைப்பில் சேர்கின்றன. மும்பைத் தாக்குதல் நடந்ததற்கு மறு வருடம், 2009-ல், 2,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்த திட்டம் இது. பொறுப்பு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்திடம் இருக்கிறது. மைய மென்பொருளை எழுதியது விப்ரோ. ஒவ்வொரு மாநிலமும் எல்லாவற்றையும் இணைத்து ஓட்டித் தர, தனக்கென ஒரு 'சிஸ்டம் இன்டக்ரேட்டர்' நிறுவனத்தை டெண்டர் வைத்து எடுத்தது. கர்நாடகம் 'போலீஸ் ஐடி' என்று தனக்கென ஒரு மென்பொருளைச் செய்துகொண்டது. அதையும் விப்ரோதான் உருவாக்கியது.

அவசர அழைப்பு 112-இன் தேசிய மென்பொருள் வேறு இடத்திலிருந்து வந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் தயாரிப்பு. பெங்களூரின் போக்குவரத்து சிக்னல்களை வண்டி வரத்துக்கு ஏற்பத் தானே மாற்றும் முறையும் சி-டாக் செய்ததுதான். 2024-லிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சந்திப்புகளுக்கு அது வந்திருக்கிறது. கேமரா என்று பார்த்தால், நிர்பயா நிதியில் வந்த பெங்களூர் 'சேஃப் சிட்டி' திட்டம் 2021-ல் ஹனிவெல் நிறுவனத்துக்குச் சுமார் 496 கோடி ரூபாய்க்குப் போனது. மும்பையின் கேமரா வலையமைப்பை எல் அண்ட் டி அமைத்து, 2016-ல் அது ஓடத் தொடங்கியது.

ஆக, ஒரே நகரத்தின் போலீசுக்குள்ளேயே மூன்று நான்கு விதமான ஏற்பாடுகள் ஏற்கெனவே பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 'தனியாருக்குக் கொடுக்கலாமா, கூடாதா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த அடுக்கு, எந்தத் தகவல் என்று பிரித்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

ராத்திரி இரண்டு மணிக்கு ஓட வேண்டும். ஒப்பந்தத்தில் 99.5 சதவீத நேரம் ஓடும் என்று பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். கணக்குப் போட்டால், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 44 மணி நேரம் நின்றாலும் ஒப்பந்தப்படி சரி என்று அர்த்தம். 'திட்டமிட்ட பராமரிப்பு' நேரம் பெரும்பாலும் இதில் சேராது. அதைவிட முக்கியம், எங்கே நின்று அளக்கிறார்கள் என்பது. வழக்கமாக டேட்டா சென்டரில் அளப்பார்கள். ஸ்டேஷனுக்கு வரும் லைன் அறுந்து கிடந்தாலும் சர்வர் ஓடுகிறது என்றுதான் மாத அறிக்கை வரும். தாலிச் செயினைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் ரைட்டர், "சர்வர் இல்லம்மா, சாயங்காலமா வாங்க" என்று சொல்கிறார். அந்தச் சாயங்காலம் எந்த அறிக்கையிலும் ஏறாது. அளவை ஸ்டேஷன் மேசையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

யார் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும். புகார் கொடுத்தவரின் முகவரி, சாட்சியின் போன் நம்பர், போக்சோ வழக்குக் குழந்தையின் பெயர் எல்லாம் இதே டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. 2016-ல் உச்ச நீதிமன்றம் எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னபோதே, வெளியே தெரியக் கூடாத வழக்குகளை விலக்கித்தான் சொன்னது. ஆனால் பொதுமக்கள் பார்க்க முடியாததை அட்மின் பார்க்க முடியும். அவர் பார்த்ததை அவராலேயே லாகில் அழிக்கவும் முடிந்தால், அப்புறம் பாதுகாப்பு என்று பேச ஒன்றுமில்லை.

கோர்ட்டில் நிற்க வேண்டும். இதைப் பலரும் டெண்டர் போடும்போது யோசிப்பதே இல்லை. மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்க, பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியில் அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். இதற்கு முன்னிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. கேமரா சேமிப்பை நடத்துவது ஒப்பந்த நிறுவனம் என்றால், கையெழுத்துப் போடப் போவது அதன் ஊழியராக இருக்கும். வழக்கு விசாரணைக்கு வரும்போது அவர் வேலை மாறி ஹைதராபாத் போயிருப்பார். சம்மனை எந்த முகவரிக்கு அனுப்புவது? அவருக்குப் பதிலாக வருகிறவருக்கு அன்றைக்கு நடந்தது என்ன தெரியும்?

சட்டம் மாறினால் மென்பொருளும் மாற வேண்டும். 2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. கொலைக்கு 302 என்று இருந்தது 103 ஆனது. ஆன்லைனில் வரும் புகாரில் மூன்று நாளுக்குள் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற புது நடைமுறை வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசிதான். ஆகவே மென்பொருளில் பழைய சட்டமும் புதிய சட்டமும் பல வருடங்களுக்குச் சேர்ந்தே ஓட வேண்டும். இந்த மாதிரி மாற்றத்தை யார், எத்தனை நாளில், யார் செலவில் செய்வது?

விலகிப் போக வழி இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலை அடுத்தவர் வந்து உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா என்பது.

பணத்தைக் கடைசியாக வைக்கிறேன். பணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன ஐந்துக்கும் விலை போடாமல் வரும் தொகை உண்மையான செலவு ஆகாது என்பதால்தான்.

## வழி 1: முழுவதையும் தனியார் நிறுவனத்திடம் கொடுப்பது

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நல்ல நிறுவனம் என்றால் மூன்று ஷிப்டுக்கும் ஆள் இருக்கும். சர்வர் போனால் மாற்று சர்வர் வரும். ஒரு இன்ஜினியர் போனால் இன்னொருவர் வருவார். டிரைவர் போஸ்டை நிரப்பவே வருடக்கணக்கில் காத்திருக்கும் ஒரு துறைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, நாங்கள் 'சிஆர்' என்று சொல்லும் மாற்றக் கோரிக்கை. டெண்டரில் எழுதாத எதைக் கேட்டாலும் அது சிஆர், அதற்குத் தனி விலை. ஓர் உதாரணம். ஸ்ரீராமபுரத்துப் பையன் ஒருவன் வெளிநாட்டு வேலைக்காகப் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்தான். 'மணி, தந்தை பெயர் முருகன்' என்று தேடியதும் மூன்று வழக்குகள் வந்து விழுந்தன. ஒன்றுகூட அவனுடையது இல்லை. இங்கே தமிழர் பெயர்களில் இது சகஜம். இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். ஆதாரில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, எஃப்ஐஆரில் கன்னடத்தில் வேறு எழுத்து. பிறந்த தேதியையும் முகவரியையும் சேர்த்து ஒப்பிடும்படி தேடலைத் திருத்தினால் சரியாகிவிடும். 'அது சிஆர்ல வரும், பட்ஜெட் இல்ல' என்று பதில் வந்தது. கையால் சரிபார்த்து அவன் சான்றிதழ் வாங்க இழுபறியாகிவிட்டது. இப்படி எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை, ஏனென்றால் அதற்கும் ஒரு ரிப்போர்ட் வேண்டும், அதுவும் சிஆர்தான்.

இரண்டாவது, கீழ்விலைப் போட்டி. டெண்டரை எடுக்கும்போது காட்டிய பயோடேட்டாக்கள் பத்து வருட அனுபவம் பேசும். இரண்டாம் வருடம் கமிஷனர் அலுவலகத்திலோ ஸ்டேஷனிலோ உட்கார்ந்திருப்பது துணை ஒப்பந்தத்தில் வந்த, படிப்பு முடித்த கையோடு சேர்ந்த பிள்ளை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குறைந்த சம்பளத்தில் ஒரு மண்டலம் முழுவதையும் ஓடி ஓடிச் சமாளிப்பது அவன்தான். ஆனால் அதிகாரிகள் பாஸ்வேர்டை மறந்துவிடுவதால், எல்லாருடைய பாஸ்வேர்டும் அவன் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். இன்ஸ்பெக்டரின் லாகினில் இன்ஸ்பெக்டருக்குப் பதில் அவன் நுழைந்து வேலையை முடித்துக் கொடுப்பான். லாகில் ஏறுவது இன்ஸ்பெக்டர் பெயர். நாளைக்கு ஏதாவது வெளியே கசிந்தால் உண்மையில் யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அபராதம் இருக்கிறதே என்பார்கள். வழக்கமாக அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, காலாண்டுத் தொகையில் ஒரு சின்னப் பங்கு. அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் மிச்ச நாளுக்குச் சேவை மோசமானாலும் நிறுவனத்துக்குக் கூடுதல் நஷ்டம் இல்லை.

பிரிட்டனில் இந்த வழியில் வெகுதூரம் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கிளீவ்லண்ட் காவல்துறை 2010-ல் கட்டுப்பாட்டு அறை, கணினி வேலை உட்பட நிறையப் பணிகளைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஸ்டீரியா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2020-ல் திரும்பத் தன்னிடமே எடுத்துக்கொண்டது. கிரேட்டர் மான்செஸ்டரில் கேபிட்டா நிறுவனம் கொடுத்த புதிய முறை 2019-ல் தொடங்கிய நாளிலிருந்தே தொல்லை கொடுத்து, சில வருடங்களில் அதன் முக்கியப் பகுதியையே கைவிட முடிவெடுத்தார்கள். 2023-ல் லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீசாரின் பெயர், பதவி, புகைப்படம் அடங்கிய தகவல்கள் அவர்களுக்கு அடையாள அட்டை அச்சிட்டுக் கொடுத்த ஒப்பந்ததாரரிடமிருந்து திருட்டுப் போயின. அட்டை அச்சிடுவது எவ்வளவு சின்ன வேலை என்று பாருங்கள். அது வழியாகவும் ஆபத்து வந்தது.

எப்போது இது சரி: கேமராக் கம்பம், கேபிள், சேமிப்பு வன்பொருள், கட்டுப்பாட்டு அறையின் திரைகள். பெங்களூரில் சாலையைத் தோண்டாத மாதம் கிடையாது, கேபிள் அறுந்துகொண்டே இருக்கும். அதை ஓடிப்போய் இணைக்கப் போலீஸ்காரரை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## வழி 2: அரசு நிறுவனத்திடம் கொடுப்பது

மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப மையமான என்ஐசி, சி-டாக், இங்கே ஜாலஹள்ளியில் இருக்கும் பொதுத்துறை மின்னணு நிறுவனமான பெல், மாநில அளவில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ். இவர்களிடம் கொடுப்பதில் ஒரு பெரிய வசதி, டெண்டர் சண்டையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கர்நாடகத்தின் 1999-ஆம் வருடக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 4(ஜி) பிரிவின் கீழ் அரசு விலக்குக் கொடுக்க முடியும். சோர்ஸ் கோடு அரசிடமே இருக்கும். சட்டம் மாறும்போது ஒரு மாநிலத்துக்குச் செய்த திருத்தம் எல்லா மாநிலத்துக்கும் போகும். 112-ல் இந்த லாபம் நன்றாகத் தெரிகிறது.

அரசு நிறுவனம் என்றால் பத்திரம் என்று நினைத்துவிடுவதுதான் இங்கே ஆபத்து. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். அதை உருவாக்கியது சி-டாக்கின் கொல்கத்தா மையம். அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்ட் கைமாறியிருக்கலாம் என்று காவல்துறை சொன்னது. பெங்களூரில் 2019-ல் மாநில அரசின் இ-கொள்முதல் தளத்தையே உடைத்து 11 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டார்கள். அரசின் பெயர்ப் பலகை ஹேக்கரைத் தடுக்காது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அரசு நிறுவனத்தின் பெயரில் வந்து உட்காரும் ஆள் பெரும்பாலும் அரசு ஊழியர் இல்லை. என்ஐசி வேலைக்கு அதன் துணை நிறுவனமான நிக்சி, பட்டியலிட்ட தனியார் ஏஜென்சிகள் வழியாக ஆள் எடுத்துக் கொடுக்கிறது. மாநில நிறுவனங்களிலும் வேலையை அப்படியே தனியாருக்குக் கைமாற்றி, நடுவில் ஒரு சேவைக் கட்டணம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அப்போது வழி 1-இன் எல்லாச் சிக்கலும் இருக்கும், ஆனால் அபராதம் போட யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு அரசுத் துறை இன்னொரு அரசு நிறுவனத்தின் பணத்தைப் பிடித்துவைப்பது காகிதத்தில் மட்டும்தான் நடக்கும்.

வேகமும் பிரச்சினைதான். உங்கள் வேலை அவர்களுடைய நூறு வேலைகளில் ஒன்று.

எப்போது இது சரி: எல்லா மாநிலத்துக்கும் பொதுவான மென்பொருள், சட்டத்தோடு நேரடியாகக் கட்டுண்ட படிவங்கள், சொந்தமாக ஆள் வைக்க வழியில்லாத சின்ன மாநிலம் அல்லது யூனியன் பிரதேசம். ஒப்பந்தத்தில் ஒரு வரி மட்டும் கேட்டு வாங்குங்கள்: வேலை செய்யப் போகிறவர்கள் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார்கள்?

## வழி 3: துறையே நடத்துவது

இதைக் கேட்டதும் 'போலீஸ்காரங்களுக்கு என்ன கம்ப்யூட்டர் தெரியும்' என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. பிஇ, எம்சிஏ படித்துவிட்டுக் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர்கள் இன்று எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள். அதோடு, காவல்துறைக்கு இதில் முன் அனுபவமும் உண்டு. வயர்லெஸ் பிரிவைப் பல பத்தாண்டுகளாகச் சொந்தத் தொழில்நுட்ப ஆட்களை வைத்துத்தான் நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் தொழில்நுட்ப உதவி ஆய்வாளர் என்று தனியாகவே தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கர்நாடகத்திலும் வயர்லெஸுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. புயல், வெள்ளம், கலவரம் எல்லாவற்றிலும் அந்த வயர்லெஸ் ஓடியிருக்கிறது.

சிக்கல் இடமாற்றத்தில் இருக்கிறது. டேட்டாபேஸை உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்துவைத்திருக்கும் ஏட்டையா, விநாயகர் ஊர்வலப் பந்தோபஸ்துக்கு ஒரு வாரம் போய்விடுவார். தேர்தல் வந்தால் ஒரு மாதம். பதவி உயர்வு வந்தால் திரும்பியே வர மாட்டார், ஏனென்றால் அந்தப் பிரிவில் அவருக்கு மேலே போக இடமில்லை. அவருக்குப் பின் வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினி வேலைக்கென்றே ஒரு தனிப் பணிப்பிரிவு (கேடர்), அதற்குள் பதவி உயர்வு, பந்தோபஸ்திலிருந்து விலக்கு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்காமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

உள்ளே இருப்பவர் தவறு செய்ய மாட்டார் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தவருக்காக ஒரு வண்டி நம்பரைத் தேடிக் கொடுப்பது, மாப்பிள்ளை வீட்டார் மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எல்லாம் உள்ளே இருப்பவர் செய்வதுதான். லாகைப் பார்க்கிறவர் அதே அறையில், அதே அதிகாரியின் கீழ் இருந்தால் பிடிபடாது.

எப்போது இது சரி: பெரிய மாநிலம், தனி கேடருக்கு அரசாணை கையில் இருக்கிறது, மேலே இருக்கும் அதிகாரி குறைந்தது மூன்று வருடம் இருப்பார். இந்த மூன்றும் ஒன்றுசேர்வது அபூர்வம் என்பதால், முழுசாக இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

## வழி 4: பிரித்துக் கொடுப்பது

பாஸ்போர்ட் சேவையைத்தான் எல்லாரும் தனியாரின் வெற்றிக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். உற்றுப் பார்த்தால் அது பிரித்துக் கொடுத்ததன் வெற்றி. 2008-ல் டிசிஎஸ் நிறுவனத்தை எடுத்தார்கள், 2010-ல் பெங்களூரில்தான் முதலில் தொடங்கிப் பார்த்தார்கள். வரிசை, டோக்கன், புகைப்படம், கைரேகை, கணினி எல்லாம் நிறுவனத்தினுடையது. ஆவணத்தைச் சரிபார்ப்பதும், பாஸ்போர்ட் கொடுக்கலாம் என்று முடிவெடுப்பதும் அரசு அதிகாரியினுடையது. கவுண்டரிலேயே அந்தக் கோடு தெரியும்: முதல் கவுண்டரில் நிறுவன ஊழியர், அடுத்த இரண்டில் அரசு ஊழியர்.

காவல்துறையில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? மேலே சொன்ன மூன்றில்: அட்மின் பாஸ்வேர்ட், லாக், சோர்ஸ் கோடு. நிறுவனத்தின் இன்ஜினியர் டேட்டாபேஸுக்குள் நுழைய வேண்டியிருந்தால், துறையின் ஆள் நேரம் குறித்துத் திறந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அனுமதி தானாக முடிந்துவிட வேண்டும். அவர் திரையில் செய்தது முழுதும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு அவரால் தொட முடியாத வேறு இடத்தில் சேர வேண்டும். சோதனைக்கும் பயிற்சிக்கும் உண்மையான எஃப்ஐஆர்களைக் கொடுக்கக் கூடாது, பெயரை மாற்றிய நகல் போதும்.

நிபுணரை வெளியிலிருந்து அழைப்பதிலும் இதே ஒழுங்கு வேண்டும். 2018-ல் புனேயில் பிட்காயின் மோசடி வழக்கு ஒன்றில் போலீசுக்கு உதவ அழைக்கப்பட்ட இரண்டு நிபுணர்களையே, 2022-ல் அதே புனே போலீஸ் கைது செய்தது. விசாரணையின்போது கைக்கு வந்த கிரிப்டோ பணத்தைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளத் துறையில் ஆள் இல்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

இந்த வழியின் மறைந்த செலவு, பழிபோடுதல். ஸ்டேஷனில் திரை நின்றுபோகும். லைன் நிறுவனம் சர்வரைக் காட்டும், சர்வர் நிறுவனம் மென்பொருளைக் காட்டும், மென்பொருள்காரர் லைனைக் காட்டுவார். நடுவில் நின்று எது என்று கண்டுபிடித்துச் சொல்ல, துறையில் விஷயம் தெரிந்த ஒரு சின்னக் குழு வேண்டும். டேட்டாபேஸ் தெரிந்த இருவர், நெட்வொர்க் தெரிந்த இருவர், லாகை மட்டும் படிக்க வேறு அதிகாரியின் கீழ் இருவர், ஒப்பந்தத்தை வரிவரியாகத் தெரிந்த ஒருவர். என் அனுபவத்தில் இதுதான் குறைந்தபட்சம். இவர்களுக்குச் சந்தைச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். நிதித்துறை முகம் சுளிக்கும். மொத்த ஒப்பந்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய பங்கு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுத் தனியார் | அரசு நிறுவனம் | துறையே | பிரித்துக் கொடுப்பது |
|---|---|---|---|---|
| இரவிலும் ஓடுமா | நன்று, அளக்கும் இடம் சரியாக இருந்தால் | சுமார் | பந்தோபஸ்து காலத்தில் ஆட்டம் | நன்று, நடுவில் குழு இருந்தால் |
| யார் பார்த்தார் | பலவீனம் | ஆள் யாருடையவர் என்பதைப் பொறுத்தது | தனிக் கண்காணிப்பு இல்லையேல் பலவீனம் | பலம் |
| கோர்ட் சான்றிதழ் | கையெழுத்திட்டவர் போய்விடுவார் | சுமார் | பலம் | பலம் |
| சட்ட மாற்றம் | வேகம் உண்டு, தனி விலை | விலை குறைவு, தாமதம் | ஆளைப் பொறுத்தது | சோர்ஸ் கோடு கையில் இருந்தால் எளிது |
| விலகுவது | கடினம் | நடுத்தரம் | தேவையில்லை | எளிது |

## எந்தக் கம்ப்யூட்டருக்கு எது

கேமராவின் வன்பொருளுக்கு வழி 1 போதும். ஆனால் பதிவைத் தேடுவது, நகல் எடுப்பது, சான்றிதழில் கையெழுத்திடுவது துறையின் ஆளிடம் இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமராக்களில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் காக்கச் சொன்னது. அந்தப் பதிவு போலீஸ்காரர்மேலேயே சாட்சியாக வரக்கூடியது. அதை அந்த ஸ்டேஷனின் கையிலும் விடக் கூடாது, பில் பாஸ் ஆவதற்கு அதே அதிகாரிகளை நம்பியிருக்கும் நிறுவனத்தின் கையிலும் விடக் கூடாது. மாவட்டத்துக்கு வெளியே, தனிக் கண்காணிப்பில் சேமிப்பதுதான் சரி.

112-க்கும் சிக்னலுக்கும் வழி 2 நன்றாகவே ஓடுகிறது, அதைக் கலைக்க வேண்டாம். எஃப்ஐஆர், வழக்கு டைரி, குற்றவாளிப் பதிவு இவற்றுக்கு வழி 4 தவிர வேறு எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சங்கத்துப் பெரியவர் கேட்டதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 2023-ஆம் வருடத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் பொறுப்பு கொடுத்தவருடையது என்கிறது. ஆனால் அரசு அமைப்புகளுக்கு அதில் விலக்குக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

## நோட் எழுதப் போகிறவருக்கு

புது டெண்டருக்கு முன், பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் வெளியேறும் திட்டத்தை எடுத்துப் படியுங்கள். முடிய ஒன்றரை வருடம் இருக்கும்போதே அதை நடைமுறையில் சோதிக்கத் தொடங்க வேண்டும். கடைசி மாதத்தில் தொடங்கினால், பழைய நிறுவனத்துக்கே ஆறு மாதம், இன்னொரு ஆறு மாதம் என்று நீட்டித்துக்கொண்டே போக வேண்டி வரும்.

சோர்ஸ் கோடு எங்களிடம் இருக்கிறது என்று ஒரு சிடியைக் காட்டுவார்கள். அதை வாங்கி, நிறுவனத்தின் உதவி இல்லாமல், வேறு ஒரு சர்வரில் உங்கள் ஆட்களையே வைத்துக் கட்டி ஓட்டிப் பாருங்கள். பேக்கப்பையும் இதேபோல் மீட்டுப் பாருங்கள். எல்லா அட்மின் கணக்குகளின் பட்டியலையும் கேளுங்கள். அதில் வேலையை விட்டுப் போனவர்களின் பெயர் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 உத்தரவு சொல்கிறது. அந்த ஆறு மணி நேரத்தில் யார் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு காகிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இத்தனை மனித நாள் சிஆர் வேலை இலவசம் என்று எழுதுங்கள், சட்டம் மாறினால் வரும் மாற்றங்களை சிஆர் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்றும் எழுதுங்கள். சான்றிதழில் கையெழுத்திட்ட ஊழியர் வேலையை விட்டாலும் அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று ஒரு பிரிவு வேண்டும். அந்த ஏழு பேர் குழுவுக்கான பணியிடங்களை டெண்டருக்கு முன்பே கேளுங்கள். பணியிடம் கிடைக்காவிட்டால் டெண்டரை ஒரு வருடம் தள்ளிவைத்து, வழி 2-இல் ஓட்டுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் அப்போதும் உங்கள் அதிகாரி ஒருவர் பெயரில் எழுதி வாங்கிவிடுங்கள்.